காதில் விழாத கிட்டார்

கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் ஒரு ரெக்கார்டைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். 1955இல் நியூயார்க்கில் பதிவானது. ஜாஸ் பியானோக்காரர் கவுன்ட் பேசியின் பேண்ட் வாசிக்க, ஜோ வில்லியம்ஸ் ப்ளூஸ் பாடிய ரெக்கார்ட். ‘கவுன்ட் பேசி ஸ்விங்ஸ், ஜோ வில்லியம்ஸ் சிங்ஸ்’ என்று பெயர். அடுத்த வகுப்புக்கு வந்து, “சார், பாட்டு பிரமாதம். ஆனா இதுல கிட்டார் எங்க இருக்கு?” என்று கேட்பவனோடு வேலையைத் தொடங்கிவிடுவேன். “கிட்டார் சூப்பர் சார்” என்பவனை இன்னொரு முறை கேட்டு வா என்று திருப்பி அனுப்புவேன். அவன் கேட்டிருக்கவே மாட்டான்.

தேட வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பேசி பியானோவில் இரண்டு மூன்று சுரங்களைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும் இடங்கள் வரும். ஊதுகிறவர்கள் யாரும் ஊதாமல் இருப்பார்கள். அப்போது டிரம்ஸின் ஹை-ஹாட்டுக்கும் பேஸுக்கும் நடுவில் ‘சக், சக், சக், சக்’ என்று ஒன்று நடந்துகொண்டிருக்கும். பாருக்கு நாலு. பாதி சத்தம், பாதி சுரம். அதைப் பிடித்த பிறகு விட்டுவிடக் கூடாது. டிரம்பெட்காரர்கள் எழுந்து முழங்கும்போதும் காதை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். முதல் சில தடவை கை நழுவிப் போகும். ஒரு நாள் அது போகாமல் நிற்கும். அதற்குப் பிறகு அந்த ரெக்கார்டை வேறு மாதிரி கேட்க உங்களால் முடியாது.

அந்த ‘சக்’கை வாசித்தவர் ஃப்ரெடி கிரீன். 1937இல் பேசியிடம் சேர்ந்தார். 1987இல் சாகும்வரை அதே நாற்காலி. பேசி 1984இல் போன பிறகும் பேண்டை விடவில்லை. இத்தனை வருடத்தில் அவர் வாசித்த சோலோக்களைத் தேடி எடுத்தால் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. இந்த ரெக்கார்டில் அவரோடு உட்கார்ந்திருந்தவர்களைக் கணக்கெடுத்தால் டிரம்பெட் நாலு, டிராம்போன் மூன்று, சாக்ஸ் ஐந்து. ஊதுகிறவர்கள் மட்டும் பன்னிரண்டு பேர். பியானோவில் பேசி, பேஸில் எடி ஜோன்ஸ், டிரம்ஸில் சோனி பெய்ன். முன்னால் மைக்கில் பாடகர். இத்தனை பேருக்கு நடுவில், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஒரு மரக் கிட்டார்.

ஆரம்ப காலத்தில் அவரும் ஒரு ஆம்ப் வைத்துக்கொண்டதாகவும், பேண்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நாள் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டதாகவும் பேண்ட்காரர்களிடையே ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, ஏன் பிடுங்கியிருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆம்பில் வாசித்த கார்ட் சீக்கிரம் சாகாது. இந்த பீட்டில் தட்டியது அடுத்த பீட்டின் மேல் போய்ப் படியும். பேஸின் சுரம் மங்கும். பியானோவின் நடுப்பகுதி அடைபடும். ஆண் குரல், அதிலும் ஜோ வில்லியம்ஸ் மாதிரி கனத்த பாரிட்டோன் குரல், வந்து நிற்கும் இடமும் அதுதான். கிட்டாரைக் கூட்டினால் பாடகர் குறைவார். வேறு எதையும் விளக்காமல் இதை மட்டும் பையன்களுக்குப் புரியவைத்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

நான் மெட்ராஸில் கற்றவன். சினிமா ரெக்கார்டிங்கில் தாளக் கிட்டார், ஹோட்டலில் டின்னர் மியூசிக், பிறகு உல்லாசக் கப்பல்களில் ஷோ பேண்ட் என்று பிழைத்தேன். கப்பலில் போனால் இந்த பிக் பேண்ட் நொட்டேஷன்கள் ஃபோல்டர் ஃபோல்டராக வரும். சாயங்காலம் ரிகர்சல், ராத்திரி ஷோ. பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். கிட்டார் ஷீட்டில் பெரும்பாலும் கார்ட் பெயரும் அதன் கீழே நாலு சாய்கோடும்தான் இருக்கும். என்ன வாசிக்க வேண்டும் என்று அந்தக் காகிதம் சொல்லாது. அதைச் சொன்னவர் என் மாஸ்டர்.

மாஸ்டர் ஆங்கிலோ-இந்தியர். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடந்த காலத்தில் பேண்டில் வாசித்தவர். அவர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. எனக்கு ஒரு ப்ளூஸைக் கொடுத்து, பாருக்கு நாலு வாசித்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார். கொஞ்ச நேரம் போனதும் தலையைத் தூக்குவார். “கேக்குது மேன்” என்பார். அவ்வளவுதான் திருத்தம். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். மூன்றாவது பீட்டில் கை கனத்திருக்கும், இல்லை கார்ட் மாற்றும்போது ஒரு கம்பி ‘கீச்’சென்று இழுபட்டிருக்கும், இல்லை குஷியில் ஒரு அலங்காரச் சுரம் சேர்த்திருப்பேன். எது என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துப் புரட்டிவிட்டார் என்றால் அன்றைக்கு நன்றாக வாசித்திருக்கிறேன் என்று அர்த்தம். வாயால் பாராட்டியதாக ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் செய்வார். கைக்குட்டையை மடித்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிவிட்டு வாசிக்கச் சொல்வார். கம்பி பாடாது, தட்டு மட்டும் கேட்கும். அந்தத் தட்டு நாலும் ஒரே அளவாக விழுகிறதா என்று அப்போதுதான் தெரியும். சுரம் இருக்கிறவரை நம் குறைகளை அது மூடிக்கொண்டுவிடும். இதை நான் இன்றும் பையன்களுக்குச் செய்கிறேன். மெட்ரனோம் வைத்துப் பழகுவதைவிட இது கடினம். ஏனென்றால் காலம் சரியாக இருந்தும் தட்டு சமமில்லாமல் போகலாம்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். கிரீன் அந்தக் காலகட்டத்தில் வைத்திருந்தது ஸ்ட்ராம்பெர்க் கிட்டார். பாஸ்டனில் சார்லஸ் ஸ்ட்ராம்பெர்க்கும் அவர் மகன் எல்மரும் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்தவை. மேல்பலகை வளைந்து குவிந்திருக்கும், வயலின் மாதிரி இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை. அவர்கள் செய்த பெரிய மாடல் 19 அங்குல அகலம். பிக் பேண்டில் மைக் இல்லாமல் காதுக்கு எட்டவேண்டும் என்பதற்காகவே செய்த உடம்பு. இந்த ரெக்கார்ட் பதிவான 1955இலேயே அப்பாவும் மகனும் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். பட்டறையும் அத்தோடு முடிந்தது.

நமக்கு அந்த மாதிரி வாத்தியம் கிடைக்காது, பரவாயில்லை. எஃப் துளை போட்ட கல்கத்தாக் கிட்டாரில்தான் நான் பழகினேன். முக்கியமானது கம்பியின் உயரம். இப்போது கடையில் வாங்கும் கிட்டாரில் கம்பி ஃப்ரெட்டை ஒட்டிக்கொண்டு கிடக்கும். விரல் வைத்தாலே சுரம் பேசும். சோலோவுக்கு அது சௌகரியம். இந்த வேலைக்கு ஆகாது. வளைபலகைக் கிட்டாரில் பிரிட்ஜுக்கு அடியில் இரண்டு சின்னத் திருகுச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பிக் கம்பியை நன்றாகத் தூக்க வேண்டும். கிரீன் வைத்திருந்த உயரத்தைப் பார்த்து மற்ற கிட்டார்காரர்கள் மிரண்டிருக்கிறார்கள். கம்பியும் கனமான செட்டாக இருக்க வேண்டும், மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாகவே வேண்டும். மெல்லிய கம்பி ‘ட்விங்’ என்று கத்தும். கனத்த கம்பி ‘சக்’ என்று சொல்லிவிட்டு நிற்கும். விரல் நுனி முதல் மாதம் எரியும், தோல் உரியும். அதற்கு மருந்து கிடையாது. தொடர்ந்து வாசித்தால் காய்த்துவிடும், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் மறுபடி எரியும்.

உயரத்தில் இருக்கும் கம்பியால் ஒரு லாபம். இடது கை அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினாலும் கம்பி ஃப்ரெட்டை விட்டு எழுந்துவிடும், சத்தம் அங்கேயே அறுபடும். தாளக் கிட்டாரின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது வலது கையில் இல்லை, இடது கையின் இந்தத் தளர்த்தலில் இருக்கிறது. பையன்கள் எல்லோரும் வலது கையைத்தான் பார்க்கிறார்கள். அழுத்து, தட்டு, விடு. விரலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது, எடுத்தால் திறந்த கம்பி பேசிவிடும். தொட்டுக்கொண்டே விட வேண்டும். எப்போது விடுவது என்பதில்தான் ஸ்விங் இருக்கிறது. ஒன்றும் மூன்றும் ஒரு இழை நீளம், இரண்டும் நாலும் ஒரு இழை குட்டை. டிரம்மர் இரண்டிலும் நாலிலும் ஹை-ஹாட்டை மூடுகிறார், அதோடு நம் குட்டைத் தட்டு போய்ச் சேர்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியம் மாதிரி கேட்க வேண்டும். கிரீன் எப்போதும் ஹை-ஹாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனிக் கார்ட். ஆறு கம்பியையும் நிறைத்து அடிக்கிற பழக்கத்தைச் சர்ச்சிலும் கல்லூரியிலும் கற்றுக்கொண்டு வருவார்கள். முதல் வாரமே அதை விடச் சொல்வேன். மூன்று கம்பி போதும். ஆறாவது, நாலாவது, மூன்றாவது. ஐந்தாவது கம்பியை ஆறாவதில் இருக்கும் விரலின் சதை தொட்டு அடக்கிக்கொள்ளும். கடைசி இரண்டு கம்பியின் பக்கமே பிளெக்ட்ரம் போக வேண்டாம்.

எஃப் ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் செவன்த்துக்கு ஆறாவது கம்பியில் எட்டாவது ஃப்ரெட், நாலாவது கம்பியில் ஏழு, மூன்றாவதில் எட்டு. பி ஃப்ளாட் செவன்த் வரும்போது நாலாவது கம்பி ஆறுக்கு இறங்கும், மூன்றாவது ஏழுக்கு இறங்கும். இரண்டு விரலும் ஒரே ஒரு ஃப்ரெட் கீழே. ஆறாவது கம்பி மட்டும் எட்டிலிருந்து ஆறுக்கு வரும். ஒன்பதாவது பாரில் சி செவன்த் வேண்டும். எஃப்பில் இருந்த அதே இடத்தில் ஆறாவது கம்பியை எட்டிலேயே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரு ஃப்ரெட் மேலே தள்ளினால் சி செவன்த். இவ்வளவுதான் மொத்த ப்ளூஸும். நடுவில் ஒரு இடம், ஒரு படி கீழே, ஒரு படி மேலே. கை பயணமே செய்வதில்லை. ஃப்ரெட்போர்டில் குதித்துக் குதித்துப் போகிறவன் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு மயிரிழை காலத்தைத் தொலைக்கிறான். அவனுக்கே தெரியாது, பாடகருக்குத் தெரியும்.

கிரீனின் கையை நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். மூன்று கம்பியில் விரல் இருந்தாலும், பல சமயம் அவர் நாலாவது கம்பியை மட்டும்தான் முழுதாக அழுத்தினார், மற்றவை தொட்டுக்கொண்டிருக்கும், தட்டு மட்டும் தரும் என்கிறார்கள். என் காதுக்கும் அது சரி என்றுதான் படுகிறது. நாலாவது கம்பியில் ஏழு, ஆறு, ஏழு, எட்டு என்று மேலும் கீழும் நகரும் ஒற்றைச் சுரம், டெனர் குரல் ஒன்று உள்ளே முணுமுணுத்துக்கொண்டே வருவது போலப் போகும். அந்தச் சுரம் பேஸோடும் மோதாது, பியானோவோடும் மோதாது. பாடகருக்குத் தேவையான கார்டின் உயிர்ச் சுரம், மூன்றாவதோ ஏழாவதோ, அதில் இருக்கும். நான் இதைச் செய்யத் தொடங்கியது கப்பலுக்குப் போய்ப் பல வருடம் கழித்துத்தான். தொடக்கத்திலேயே முயல வேண்டாம். முதலில் மூன்று கம்பியும் சமமாகப் பேசட்டும், பிறகு இரண்டை வாயடைக்கலாம்.

இதெல்லாம் எதற்காக என்பது பாடகர் வந்து நிற்கும்போது தெரியும். ப்ளூஸின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பன்னிரண்டு பார், நான்கு நான்கு பாராக மூன்று வரி. முதல் வரியைச் சொல்கிறார். இரண்டாவதில் அதையே கொஞ்சம் அழுத்தித் திருப்பிச் சொல்கிறார். மூன்றாவதில் முடிக்கிறார். ஒவ்வொரு நான்கு பாரிலும் அவர் வாய் திறந்திருப்பது சுமார் இரண்டு, இரண்டரை பார். மிச்சம் காலி. பிக் பேண்டுக்கு எழுதுகிறவன் அந்தக் காலி இடத்தை வைத்துத்தான் பிழைக்கிறான்.

இந்த ரெக்கார்டின் முதல் பாட்டு ‘எவ்ரி டே ஐ ஹாவ் த ப்ளூஸ்’. 1935இல் செயின்ட் லூயிஸ் பக்கத்து ஸ்பார்க்ஸ் சகோதரர்கள் பதிவு செய்த பாட்டிலிருந்து வளர்ந்தது. வில்லியம்ஸே சில வருடம் முன்பு சிகாகோவில் கிங் கோலாக்ஸ் பேண்டோடு இதைப் பாடியிருந்தார். பேசிக்காக இதை எழுதிக் கொடுத்தவர் எர்னி வில்கின்ஸ். அவரும் அந்த பேண்டின் சாக்ஸ் வரிசையில் உட்கார்ந்தவர்தான். வரிசையில் இருந்து எழுதுகிறவனுக்கும் வெளியிலிருந்து எழுதுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. எவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும். இந்தப் பாட்டில் குரல் உடனே வராது. பியானோவும் பேண்டும் தரையைப் போட்டு முடித்த பிறகே வில்லியம்ஸ் உள்ளே வருகிறார். வந்த பிறகு, அவர் பாடும் பாரில் பித்தளை வாத்தியக் கூட்டம் அடங்கியிருக்கிறது, அவர் விட்ட பாரில் பதில் சொல்கிறது. போகப் போகப் பதில் தடிக்கிறது. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு காலியிலும் யார் பதில் சொன்னார்கள் என்று எழுதிப் பாருங்கள். சாக்ஸா, டிராம்போனா, எல்லோருமா, இல்லை பேசி மட்டும் இரண்டு சுரமா? அதை எழுதி முடித்தவனுக்கு நான் அரேஞ்ச்மென்ட் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நொட்டேஷனில் இருப்பதை அப்படியே ஊதினாலும் இந்தச் சத்தம் வராது. அதற்கு மார்ஷல் ராயல் மாதிரி ஒருவர் வேண்டும். முதல் ஆல்டோ சாக்ஸ் அவர், பேண்டை ரிகர்சலில் வேலை வாங்கியவரும் அவரே. 1951 முதல் இருபது வருடம் கிட்டத்தட்ட அந்தப் பொறுப்பு. நீட்டிப் பிடித்த ஒரு சுரத்தை நாலாவது பீட்டில் அறுப்பதா, அடுத்த பாரின் ஒன்றில் அறுப்பதா என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் அறுத்தால்தான் பின்னால் வரும் காலியிடம் சுத்தமாக இருக்கும். ஒருவன் அரை பீட் தாமதித்தால், பாடகரின் முதல் வார்த்தை மேல் அது விழும். கப்பல் பேண்டுகளில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்த அறுப்பு பற்றியதுதான். “நான் சரியாத்தான் விட்டேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். கிட்டார்காரனுக்கு உண்மை தெரியும். பேண்ட் அறுத்த இடத்தில் அவன் தனியாக நிற்கிறான் இல்லையா, முன்னால் இருக்கும் அழுக்கு எல்லாம் அவன் காதில் விழும்.

வில்லியம்ஸ் 1954 கடைசியில் பேண்டில் சேர்ந்தார். ஜார்ஜியாவில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். அவருக்கு முன் பேசியிடம் பாடிய ஜிம்மி ரஷிங்கின் குரல் கூரானது, கூட்டத்தின் மேலே ஏறி நிற்கும். இவர் குரல் தாழ்வு, கனம், வழவழப்பு. வார்த்தைகள் ஒவ்வொன்றும் எழுத்து எழுத்தாக விழும். இவ்வளவு மெருகாகப் பாடினால் அது ப்ளூஸ்தானா என்று எழுதியவர்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு அந்த வாதத்தால் காலணா பிரயோஜனம் இல்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது, வார்த்தை எங்கே முடிகிறது என்பது. வில்லியம்ஸின் கடைசி மெய்யெழுத்து கேட்ட மறு கணம் டிரம்பெட்காரர்கள் உள்ளே வரலாம். முணுமுணுத்து இழுத்துக் கரைக்கிற பாடகருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் பதில் சொல்ல முடியாது, யாருக்கும் முடிவு தெரியாது. பிக் பேண்டோடு ப்ளூஸ் பாட விரும்பும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்: துயரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வார்த்தையை முதலில் முடியுங்கள்.

சுரத்தில் அவர் செய்வது வேறு. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் போய் நின்று, அங்கிருந்து சரிந்து இறங்குவார். கீழே பேண்ட் பிடித்திருப்பது அந்தர காந்தாரம். மேலே குரல் அதை உரசிக்கொண்டு நிற்கும். அந்த உரசல்தான் ப்ளூஸின் ருசி. சங்கீதம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது அந்நியமே இல்லை. நம் பையன்கள் கெடுப்பது எங்கே என்றால், பாடகர் அசைக்கும் சுரத்தைத் தாங்களும் கிட்டாரில் அசைத்துக் காட்டுவார்கள். ஒன்பதாவது, பதின்மூன்றாவது என்று கார்டில் அலங்காரம் சேர்ப்பார்கள். கூடவே கூடாது. தரை அசையாமல் இருந்தால்தான் மேலே அசைவது தெரியும்.

காலத்திலும் இதே கதை. வில்லியம்ஸ் வார்த்தையை பீட்டின் மேல் வைப்பதில்லை, ஒரு துளி பின்னால் வைப்பார். சோபாவில் சாய்ந்துகொண்டு பேசுகிறாற்போல. இதற்குப் பின்னால் வாசிக்கிறவனுக்கு இயல்பாக ஒரு ஆசை வரும்: பாடகருக்காகக் காத்திருக்கலாமே என்று. கச்சேரிப் பக்கவாத்தியத்திலும் சினிமா மெலடியிலும் வளர்ந்தவனுக்கு அது மரியாதை என்றே தோன்றும். பாடகர் இழுத்தால் நாமும் கொஞ்சம் இழுப்போம். இங்கே அப்படிச் செய்தால் பாடகர் விழுவார். அவர் சாய்ந்திருப்பது நம் மேல். நாம் பின்வாங்கினால் அவர் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும், பாட்டு நாலு சுற்று, அதாவது நாலு கோரஸ், போவதற்குள் டெம்போ படுத்துவிடும். மாஸ்டரின் பேப்பருக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது கப்பலில் ஒரு பாடகிக்கு வாசித்தபோது. ரிகர்சலில் அவர் திரும்பி என்னைப் பார்த்து, “என்னைக் கேட்காதே, வாசி” என்றார். வேறு யாரும் என்னிடம் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இந்த ரெக்கார்டில் எல்லாமே பன்னிரண்டு பார் ப்ளூஸ் இல்லை. ‘டீச் மீ டுநைட்’ முப்பத்திரண்டு பார் காதல் பாட்டு. பெர்சி மேஃபீல்டின் ‘ப்ளீஸ் செண்ட் மீ சம்ஒன் டு லவ்’ நடுவில் பிரிட்ஜ் என்ற வேறொரு பகுதியை வைத்து ப்ளூஸையும் பாலடையும் சேர்த்துக் கட்டியது. முதல் பாட்டைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இந்த மெதுவான பாட்டுகள்தான் பெரிசு. மெதுவில் மறைய இடமில்லை. இரண்டு பீட்டுக்கு ஒரு கார்ட் மாறும், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் கை என்ன செய்கிறது என்பதில் ஆள் தெரிந்துவிடுவான். பெரும்பாலோர் பயந்துகொண்டு நடுவில் ஒரு மேல்தட்டு சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள். மேல்தட்டே வேண்டாம், எல்லாம் கீழ்த்தட்டு. தட்டிய பிறகு மணிக்கட்டு தானாகத் திரும்பி எழும்பட்டும், அடுத்த தட்டுக்கு முன் ஒரு கணம் மேலே நிற்கட்டும். பிளெக்ட்ரத்தை இறுக்கிப் பிடித்தால் அது நிற்காது, நடுங்கும்.

வேகமான பக்கம் ‘ரோல் எம் பீட்’. பாடகர் ஜோ டர்னரும் பியானோ வாசித்த பீட் ஜான்சனும் 1938இல் முதலில் பதிவு செய்தது. பேசி பேண்ட் இதைப் பறக்க விடுகிறது. சோனி பெய்ன் குச்சியைச் சுழற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற ரகம், மேடையில் அவருக்கு ஆவேசம் வந்தால் அடக்க ஆள் வேண்டும். வேகத்தில் பையன்கள் முதலில் செய்வது கையை இறுக்குவது, அடுத்து பலமாக அடிப்பது. இரண்டு கோரஸில் முன்கை கட்டிப் போய்விடும். வலித்தால் பிடி தப்பு என்று அர்த்தம், பழகப் பழகச் சரியாகும் என்று சகித்துக்கொள்ளாதீர்கள். வேகம் கூடக் கூடத் தட்டின் நீளம் குறைய வேண்டும். மெதுவில் மூன்று கம்பியையும் கடக்கும் பிளெக்ட்ரம், வேகத்தில் இரண்டைக் கடந்தால் போதும். சத்தம் குறையும், குறையட்டும். டெம்போ டிரம்மரிடம் ஓடுகிறது என்று தோன்றினால் அவரைவிடச் சத்தமாக வாசித்துப் பிடித்து நிறுத்த முடியாது. இன்னும் மெல்ல, இன்னும் சமமாக வாசிக்க வேண்டும். நல்ல டிரம்மர் ஒரு கோரஸுக்குள் கிட்டாரைத் தேடுவார், தேடியவுடன் இறங்கி வந்துவிடுவார். நல்ல டிரம்மராக இல்லையென்றால் அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. பாடகரைப் பின்தொடராதே என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அது காலத்துக்கு. வடிவத்துக்கு அது பொருந்தாது, இதைப் பையன்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மேடையில் பாடகர் சில சமயம் ஒரு கோரஸை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார், அல்லது சோலோ நடக்கும்போதே இரண்டு பார் முன்னால் உள்ளே வந்துவிடுவார். பன்னிரண்டு பேர் முன்னாலும் காகிதம் இருக்கிறது, காகிதத்தில் இருப்பதைத்தான் அவர்கள் ஊதுவார்கள். அந்த நொடியில் முடிவு எடுப்பது பேஸும் கிட்டாரும். பேஸ்காரரின் முகத்தைப் பாருங்கள். அவர் தலையசைத்தால் இருவரும் அடுத்த ஒன்றிலேயே பாடகர் நிற்கும் பாருக்குப் போய்விட வேண்டும், தட்டு ஒன்றும் தவறாமல், சத்தம் கூடாமல். லீட் ஆல்டோ அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நொட்டேஷனில் அந்தப் பகுதிக்குப் போட்டிருக்கும் லெட்டரைக் கத்துவார்: “டி! டி!” என்று. ஊதுகிறவர்கள் கண்ணால் பக்கத்தில் தாவிச் சேர்வார்கள். முதல் ஒரு பார் மெலிந்திருக்கும், இரண்டாவதில் சாக்ஸ் வந்துவிடும், நாலாவதில் டிரம்பெட். நாலாவது கம்பியில் உங்கள் விரல் அப்போது ஏழில் இருக்க வேண்டுமா, ஆறில் இருக்க வேண்டுமா என்று யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் எஃப்பில் மட்டும் பழகாமல் பன்னிரண்டு ஸ்கேலிலும் பழகச் சொல்கிறேன். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் ஷோவுக்கு அரை மணி முன்னால் வந்து, இன்றைக்கு ஒரு முழு டோன் கீழே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார், ஊதுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கிட்டார்காரன் சரி என்று சொல்லிவிட்டுக் கையை இரண்டு ஃப்ரெட் இறக்கிக்கொள்ள வேண்டும்.